வெந்த சோற்றுக்குப் பழகிய உடல்

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கோழிக்கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பார்த்தால், கறி வாங்க வருபவர்களுக்கு நடுவே நாய்க்குக் கழுத்து கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். கடைக்காரர் தோலுரித்த கழுத்துகளைக் கருப்புப் பையில் அள்ளிப் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்குப் போனதும் அதை மஞ்சள் போட்டு வேகவைப்பதுதான் வழக்கம். இப்போது சிலர் வேகவைப்பதில்லை; பச்சையாகவே போடுகிறார்கள். பாமரேனியன், பக், சிவாவா மாதிரி சிறு நாய் வளர்ப்பவர்களுக்குக் கழுத்து இன்னும் வசதி. மாட்டெலும்பை அந்த வாய் கடிக்காது. கோழிக் கழுத்து அளவாக இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் சமைத்துத் தின்பதில்லை, ஆகவே நாய்க்கும் பச்சை இறைச்சிதான் இயற்கை உணவு. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய புத்தகம் வழியாக இந்த எண்ணம் உலகமெங்கும் பரவியது. இதில் பாதி உண்மைதான். நாயின் இரைப்பை அமிலம் கடுமையானது. கிழித்து விழுங்கத்தான் அதன் பற்கள்; நம்மைப் போல அது அரைத்து மெல்லுவதில்லை. இறைச்சிக்கு மாற்றினால் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமே சில நாட்களில் அதற்கேற்ப மாறிவிடும். ஆனால் மீதிப் பாதி நாயின் மரபணுவில் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் வியப்பானது அதுதான்.

மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர். நமக்கு அது எச்சிலிலும் உண்டு. நாய்க்குக் கணையத்தில்தான் முக்கியமாகச் சுரக்கிறது. 2013-இல் சுவீடனின் எரிக் ஆக்சல்சனும் அவரது குழுவினரும் ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கணைய அமைலேஸைச் செய்யும் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல் இருக்கிறது. நாயிடம் நான்கு முதல் முப்பது வரை! நகல் கூடக் கூட நொதியும் கூடுதலாகச் சுரக்கும். மனிதன் பயிர் செய்யத் தொடங்கி, அவன் குப்பைமேட்டிலும் அடுக்களை வாசலிலும் மாவுச்சத்து சேர்ந்த காலத்தில், அதைச் செரிக்க முடிந்த நாய்கள்தான் தழைத்தன. தென்கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்த சுமார் 7,000 ஆண்டுப் பழைய நாய் எலும்புகளிலேயே இந்தப் பெருக்கம் தெரிகிறது. உழவு இல்லாத ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்த டிங்கோவுக்கோ இன்றும் ஓநாயைப் போல இரண்டே நகல்.

நெல்லும் மரச்சீனியும் விளையும் நாஞ்சில் நாட்டில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் கண்ட ஊர் இது. இங்குள்ள நாய் தலைமுறை தலைமுறையாகக் கஞ்சியும் மீன்தலையும் தின்று வளர்ந்தது. பச்சை அரிசிமணியில் மாவுச்சத்து இறுகிய துகள்களாக இருப்பதால் அமைலேஸ் எளிதில் நுழைய முடியாது. வேகும்போது துகள் தண்ணீரை இழுத்து ஊதிக் குழைகிறது. பிறகுதான் நொதிக்கு வழி. மரச்சீனிக்கு இது இன்னும் பொருந்தும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா, பஞ்சத்துக்குத் துணையாக அந்தக் கிழங்கை மக்களிடையே பரப்பினார்; நாஞ்சில் நாடு உள்ள இன்றைய குமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. பச்சை மரச்சீனியில் சயனைடை விடுவிக்கும் பொருள் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால்தான் அது மனிதனுக்கும் உணவு, நாய்க்கும் உணவு. ஆக, நாயின் அந்தக் கூடுதல் நகல்களுக்கு வேலை கொடுப்பது நம் அடுப்புதான்.

சிறிய உடலோ அதைவிடப் பழைய கதை. உடல் அளவைக் குறைக்கும் முக்கியமான மரபணு மாற்றம் ஒன்று, சைபீரியாவில் கிடைத்த சுமார் 54,000 ஆண்டுப் பழைய ஓநாயிடமே இருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. சிவாவாவின் குட்டித்தன்மைக்கான விதை ஓநாயிடமே இருந்திருக்கிறது. சோற்றைச் செரிக்கும் திறனோ மனிதனோடு வாழ்ந்து வந்தது.

சிறிய உடலுக்குத் தனிக் கணக்கு உண்டு. எடைக்கு ஏற்ப உணவுத் தேவை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்று 1932-இல் மாக்ஸ் கிளைபர் காட்டினார். 30 கிலோ நாய்க்கு ஓய்வில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கிலோ கலோரி வேண்டும். 3 கிலோ நாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 போதும் என்று தோன்றும். உண்மையில் 160 வேண்டும். நடமாட்டத்தையும் சேர்த்தால் 250-ஐத் தொடும். ஒவ்வொரு கிலோவுக்கும் சிறு நாய் பெரிய நாயைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எரிக்கிறது, சேமிப்போ குறைவு. அதனால்தான் 'உணவை மாற்றும் முன் ஒரு நாள் பட்டினி போடு' என்ற அறிவுரை சிறு இனக் குட்டிகளுக்கு ஆபத்து. சில மணி நேரப் பட்டினியிலேயே இரத்தச் சர்க்கரை விழுந்து, குட்டி தள்ளாடி, வலிப்பு வரைகூடப் போகலாம். கறியிலும் ஒரு கணக்கு உண்டு: கடைக் கோழிக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியையே மாதக்கணக்கில் போட்டால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு அது கால் வளைவிலும் எலும்பு முறிவிலும் கொண்டுபோய் விடும்.

இனி அந்தக் கழுத்துக்கு வருவோம். 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னங்கால் திடீரென்று துவண்டு, பிறகு முன்னங்காலும் கழுத்தும் தளர்ந்து, குரைப்பே மாறிப்போகும் நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்று நாய்களுக்கு உண்டு. கடுமையானால் மூச்சும் நிற்கும். இந்நோய் கண்ட 27 நாய்களையும் நலமான 47 நாய்களையும் ஒப்பிட்டார்கள். நோயுற்றவற்றில் 96 சதவீதம் பச்சைக் கோழிக்கறி தின்றவை. நலமானவற்றில் 26 சதவீதம். நோய் தொடங்கிய ஏழு நாளுக்குள் எடுத்த மலத்தில் காம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு 9.4 மடங்கு அதிகம்.

கோழியின் குடலில் தொந்தரவில்லாமல் வாழும் இந்த பாக்டீரியா நாயின் நரம்பை எப்படித் தளர்த்துகிறது? அதன் மேலுறையில் உள்ள சில சர்க்கரைக் கொழுப்பு மூலக்கூறுகள், நரம்பின் மேலுள்ள மூலக்கூறுகளைப் போலவே இருக்கின்றன. உடல் அந்த பாக்டீரியாவை எதிர்த்து எதிர்ப்புப் பொருள்களைச் செய்கிறது. அவை ஆள் மாறித் தன் சொந்த நரம்பையே தாக்குகின்றன. மனிதருக்கு வரும் கில்லன்-பாரே நோயிலும் நடப்பது இதுதான். நாயின் அமிலம் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் எழுந்து நடக்க வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் அது படுத்த இடத்தில் படுத்திருக்கும். புண் வராமல் நாம்தான் புரட்டிவிட வேண்டும். ஒரு கழுத்தை வேகவைக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சால்மொனெல்லா வேறு வகை ஆபத்து. 2002-இல் கனடாவில் பச்சை உணவு தின்ற பத்து நாய்களைச் சோதித்தபோது, எட்டின் உணவில் சால்மொனெல்லா இருந்தது. மூன்றின் மலத்திலும் வெளியேறியது. நாய் நலமாகத் துள்ளித் திரியும். அதே தரையில் தவழும் குழந்தைக்குத்தான் வயிற்றுப்போக்கு வரும். பிரிட்ஜில் உறையவைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. உறைகுளிர் சில புழுக்களைக் கொல்லும். பாக்டீரியாவில் பலவற்றைத் தூங்க மட்டுமே வைக்கும். ஆட்டுக்கடையில் கழிக்கும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகக் கொடுப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீள நாடாப்புழு வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. முட்டைகள் மலத்தோடு வெளிவந்து மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் தேங்காய் அளவுக்குக்கூடக் கட்டி வளரலாம்.

மீன்? குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலை ஒட்டியே ஊர்கள் உள்ள மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சாளையும் நெத்தோலியும் நாய்க்கு அருமையான உணவு, வெந்திருந்தால். இந்த இரு குடும்பங்களின் பல மீன்களிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் வெள்ளி நரிகள் பச்சை மீன் தின்று, கால் இழுத்து, விழுந்து இறந்தன. நரியும் நாயும் ஒரே குடும்பம். காரணம் பி1 பற்றாக்குறை என்று பின்னர்தான் விளங்கியது. நொதி புரதம் என்பதால் வெப்பத்தில் செயலிழந்துவிடும்; மீன் வெந்துவிட்டால் போதும்.

சாளையைச் செதிலும் குடலும் களைந்து, உப்பில்லாமல் குக்கரில் நன்றாகக் குழைய வேகவிடுங்கள். முள் விரலால் நசுக்கினால் பொடியாகும் பதத்துக்கு வந்துவிடும்; கால்சியமும் அந்த முள்ளிலேயே கிடைக்கும். குழைந்த புழுங்கலரிசிச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வீட்டு மீன்குழம்பில் மிஞ்சியதை மட்டும் ஊற்ற வேண்டாம்: சின்ன உள்ளியும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், மூன்று கிலோ உடலுக்குக் கொஞ்சமே போதும். பழைய உணவில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்து, ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். மலம் இளகினால் ஒரு படி பின்வாங்குங்கள். கொழுப்பு ஒரேயடியாகக் கூடினால் சிறு நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். குட்டி, முதிய நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி உணவுப் பட்டியல் போட்டு வாங்குங்கள்.

மேற்குக் கடலில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் சாளை அரிதாகும்போது அவித்த முட்டை கொடுக்கலாம். முட்டையும் வெந்திருக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது.