அந்தச் சிறுநீரைக் கொட்ட விடாதீர்கள்

பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். காலை ஏழு மணிக்கு ஓட்டுநர்களை ஷெட்டில் வரிசையாக நிறுத்தி, சிறுநீரில் போதைப்பொருள் உள்ளதா என்று பார்க்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இவருடைய கப்பில் அபின் வகைக்கான பட்டையில் ஒரு கோடு விழவில்லை. மேலாளர் செல்போனில் படம் எடுத்தார், கப்பைக் கழிவறையில் கொட்டினார், “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார். ஓட்டுநர் நான்கு நாளாக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். கோடீன் கலந்த மருந்து, மருத்துவர் எழுதித் தந்தது, சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் வரும்போது இருபது நாள் கடந்துவிட்டது. மறுபடி சோதித்துப் பார்க்க அந்தச் சிறுநீர் இல்லை.

இதே கதையை வேறு வேறு ஊர்க்காரர்கள் வாயால் கேட்டுச் சலித்துவிட்டேன். லாரி கம்பெனி, கல்லூரி விடுதி, காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சி, இப்போது வீடுகளும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கப் கிடைக்கிறது. அதோடு வரும் தாளை மட்டும் யாரும் படிப்பதில்லை.

படித்தால் முதல் வரியிலேயே புரிந்துவிடும். கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு நேர்மாறானது இது. அதில் இரண்டு கோடு விழுந்தால் ‘உண்டு’. இதில் இரண்டு கோடு விழுந்தால் ‘இல்லை’. சிறுநீரில் போதைப்பொருள் வரம்புக்கு மேல் இருந்தால்தான் ‘டி’ என்ற இடத்தில் கோடு விழாது. மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான், ‘இல்லை’ என்றுதான் பொருள். ‘சி’ என்ற இடத்தில் கோடே விழாவிட்டால் கப் கெட்டுப்போனது, அந்தச் சோதனை செல்லாது. ஓர் அம்மா இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டு, பதினேழு வயது மகனை அக்கம்பக்கம் கூடும்படி அடித்திருக்கிறார். பையன் எதையும் தொடவில்லை. கப்பும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கப் தவறும் இடங்களும் உண்டு. அதிலுள்ள எதிர்ப்புரதம் ஒரு மூலக்கூறின் சாயலைத்தான் பிடிக்கிறது. சாயல் ஒத்த மருந்து வந்தாலும் ஏமாந்துபோகும். லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அபின் பட்டையை ஏமாற்றியதுண்டு. வயிற்றுப் புண்ணுக்கான ரானிடிடின், மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்குத் தரும் லாபெடலால் ஆகியவை ஆம்ஃபெடமின் பட்டையை ஏமாற்றியிருக்கின்றன. குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவில் உண்மையிலேயே மார்ஃபின் துளி இருக்கிறது. அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனைக்கான அபின் வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியதற்கு இந்தக் கசகசாவும் ஒரு காரணம். பழைய 300 வரம்பிலேயே இன்னும் பல கப்புகள் விற்கப்படுகின்றன. உறைமேல் எந்த எண் இருக்கிறதென்று பாருங்கள்.

மறுபக்கமும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். நம் ஊர்களில் இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றும் டாபென்டடால் வலி மாத்திரை, வழக்கமான அபின் பட்டையில் சிக்காது. டிராமடாலுக்கும் தனிப் பட்டை வேண்டும். “கப்பில் ஒன்றுமில்லை” என்று நிம்மதியாகத் தூங்கிய ஒரு தகப்பனாரை, பின்னர் மருத்துவமனை வாசலில் பார்த்தேன். கஞ்சாவோ இன்னொரு விதம். எப்போதாவது தொட்டவருக்குச் சில நாளில் மறைந்துவிடும், தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் காட்டலாம். இன்றைக்குப் போதையில் வண்டி ஓட்டினாரா என்பதைக் கப்பால் சொல்லவே முடியாது.

விமானிகளுக்கு இந்த அநியாயம் நடப்பதில்லை. 2022 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, முதல் சோதனையில் சிக்கினால்கூட அதை ‘பாசிட்டிவ்’ என்று சொல்வதில்லை, ‘நெகட்டிவ் அல்லாதது’ என்றுதான் குறிக்கிறார்கள். பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கி, உறுதிச் சோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்கிறார்கள். வேன் ஓட்டுநரின் சோறு மட்டும் என்ன மலிவா?

இனி, உங்கள் கையில் கப்பைக் கொடுத்தால் என்ன செய்வது. முதலில், கடந்த இரண்டு வாரத்தில் சாப்பிட்ட மாத்திரை மருந்துகளை ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கப்பை வாங்கும் முன்பே கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியையும் தொகுதி எண்ணையும் படம் எடுங்கள். வெயிலில் காய்ந்த தகர ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்த கப்பை நம்ப முடியாது, பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கும். தாளில் சொன்ன நிமிடத்தில் பார்க்க வேண்டும், வழக்கமாக ஐந்து நிமிடம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்த கோட்டுக்கு மதிப்பில்லை.

கோடு விழவில்லை என்றால், கொட்ட விடாதீர்கள். அதே சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து, மூடி, மூடியின் மேல் தாள் ஒட்டி, நீங்களும் அவர்களும் கையெழுத்திட வேண்டும். உடனே குளிர்பெட்டியில் வைத்து ஒரு குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், மற்றது மறு ஆய்வுக்கு. கேட்க வேண்டிய சோதனையின் பெயர் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ்/எம்எஸ். மூலக்கூறை அடையாளம் கண்டு அளவையும் சொல்வது அதுதான். இன்னொரு கப்பில் பார்ப்பது உறுதிச் சோதனை ஆகாது. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, இந்தச் சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

கையெழுத்து கேட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். “போதைப்பொருள் பயன்படுத்தினேன்” என்ற வாசகம் இருந்தால் போடாதீர்கள். “முடிவை ஏற்கவில்லை, இதே மாதிரியை உறுதிச் சோதனைக்கு அனுப்பக் கோருகிறேன்” என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். மாதிரியை அனுப்ப அவர்கள் மறுத்தால் அன்றைக்கே, அன்றைக்கே, ஆதார் அட்டையோடு ஆய்வகத்துக்குப் போய்ப் புதிய மாதிரி கொடுங்கள். அதே சிறுநீருக்கு இது ஈடாகாது என்றாலும் வெறுங்கையைவிட மேல். நடந்ததை எழுதி நிர்வாகத்துக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டால் உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மருத்துவச் சீட்டு, மருந்துக் கடை பில், கப்பின் படம், கடித நகல், தபால் ரசீது, சம்பளச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு நகல். மனுவுக்கு ஒப்புகை தராமல் “அப்புறம் வா” என்பார்கள். முத்திரை விழுந்த நகல் கைக்கு வராமல் அங்கிருந்து நகராதீர்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100. தொழிலாளர்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவே இலவச உதவி தருகிறது.

பிள்ளையின் கப்பில் கோடு விழாத பெற்றோருக்கு: அடிக்காதீர்கள், பள்ளியில் சொல்ல ஓடாதீர்கள். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே சொல்வதை வெளியே சொல்ல மருத்துவருக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அனுமதி தரவில்லை, சில விதிவிலக்குகளைத் தவிர. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவை எத்தனை பேர் அறிவார்கள்? போதைக்கு அடிமையானவர் மேல் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் விலக்கும் பறிபோகலாம். எனவே சேர்ந்த தேதி, ஒவ்வொரு வருகை, முடித்த சான்று எல்லாம் மருத்துவமனை முத்திரையோடு உங்கள் கையில் இருக்கட்டும்.

வேன் ஓட்டுநரின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவரிடம் மருத்துவச் சீட்டு இருக்கிறது, மருந்துக் கடை பில் இருக்கிறது. எதிர்த்தரப்பில் ஒரு செல்போன் படம். அந்தக் கப்பில் இருந்த முப்பது மில்லிலிட்டர் மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.