எபிரேயச் சங்கீதங்களும் பணியா வாசகனும்

பழைய ஏற்பாட்டில் அமைந்த சங்கீத நூல் 150 பாடல்களை உடையது. எபிரேய மொழியில் அதற்குத் ‘தெகில்லிம்’ என்பது பெயர். புகழ்ச்சிகள் என்பது பொருள். பெயரை நம்பி நூலுட் புகுவான் ஒருவன் வியப்படைதல் உறுதி. ஜெர்மன் நாட்டு அறிஞர் எர்மன் குங்கல் இப்பாடல்களை வகைப்படுத்தி ஆராய்ந்து, 1926இல் விரிவான உரை ஒன்று வெளியிட்டார். அவர் வகுத்த வகைகளுள் எண்ணிக்கையால் மிக்கு நிற்பது புகழ்ச்சியன்று, முறையீடே ஆகும். தொகுத்தோர் இட்ட பெயர் ஒன்று; பாடினோர் நெஞ்சம் பிறிதொன்று. வணங்கிப் படிப்பவன் இவ்வேறுபாட்டை எளிதிற் கடந்து செல்கின்றான். வணங்காது படிப்பவனோ இடறி நிற்கின்றான். அவ்வாறு இடறி நிற்பதனால் விளையும் பயன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பணியா வாசகன் என்றது இகழ்வோனை அன்று. இகழ்வோன் முன்னரே முடிவு கட்டியவன். அவன் படிப்பதே இல்லை. இறைவன் சார்பில் வழக்காடும் கடப்பாடு தனக்கு இல்லை எனக் கொண்டு, பாட்டைப் பாட்டாகவே நோக்குவோனையே அச்சொல்லாற் குறிக்கின்றேன்.

அவன் 44ஆம் சங்கீதத்தைப் படிக்கட்டும். போரில் தோற்ற மக்களின் கூட்டு முறையீடு அது. முன்னோர் பெற்ற வெற்றிகளைப் பாராட்டித் தொடங்கும் பாட்டு, இடையிலே குரல் மாறுகின்றது. இறைவன் தன் மக்களை விற்றுவிட்டான். விற்றும் ஊதியம் ஒன்றும் பெற்றானில்லை என்பது புலவன் சாட்டும் குற்றம். கொடியவன் என்று பழித்தாலும் அதில் ஆற்றலை ஒப்புக்கொள்ளுதல் உண்டு. வாணிகம் அறியாதவன் என்பதோ ஏளனமேயாம். வகுப்பில் இதனை விளக்கியபொழுது மாணவர் சிலர் நகைத்தனர். உடனே தவறு செய்தவர் போல வாயை மூடிக்கொண்டனர். நகைத்தது பிழையன்று; வாயை மூடியதே பிழை. புலவன் மேலும் செல்கின்றான். தம் மக்கள் உடன்படிக்கையை மீறவில்லை என்று உறுதி கூறுகின்றான். துன்பமெல்லாம் பாவத்தின் தண்டனை என்னும் பழகிய விடைக்கு இதனால் வழியடைக்கப்படுகின்றது. இறுதியில், ஏன் உறங்குகின்றாய் என வினவி இறைவனையே தட்டி எழுப்புகின்றான்.

இவ்வெழுப்புதல் பிற்காலப் பத்தியாளர்க்குப் பொறுக்கவில்லை. எருசலேம் ஆலயத்தில் லேவியர் நாள்தோறும் இவ்வடியைச் சொல்லி வந்தனர் என்று யூத மரபு கூறும். தலைமைக் குருவாகிய யோகனான் அவ்‘எழுப்புவோரை’ நீக்கினார் என்னும் செய்தி, கி. பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவில் உளது. இறைவனுக்கும் உறக்கம் உண்டோ என்று அவர் கேட்டதாகத் தால்மூது விளக்கம் தருகின்றது. சமய நோக்கில் நேரிய கேள்விதான். ஆனால் புலவன் அதனை அறியாதவனா? இஸ்ரவேலைக் காப்பவன் உறங்கான் என்று 121ஆம் சங்கீதம் கூறுகின்றது. நூல் இரண்டையும் அருகருகே தாங்குகின்றது; குரு ஒன்றைத் தாங்கிலர்.

88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் துன்பத்தில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். இஃது அங்ஙனம் திரும்புவதில்லை. மூலத்தில் இதன் ஈற்றுச்சொல்லே இருள் என்னும் பொருளது. இதன் நடுவே ஒரு வாதம் உண்டு. மாண்டோர் உலகில் இறைவனைப் புகழ்வார் இலர். ஆதலின் என்னை மாளவிடுதல் நினக்கே இழப்பு என்பது அதன் கருத்து. 6, 30ஆம் சங்கீதங்களிலும் இவ்வாதம் வருகின்றது. மறுமையிற் பேரின்பம் உண்டு என நம்புவோர்க்கு இஃது ஓர் அணியாகவே தோன்றும். இப்புலவர்க்கோ அவ்வாறன்று. நல்லாரும் தீயாரும் ஒருங்கே இறங்கும் ஓசையற்ற பள்ளமாகவே ‘செயோல்’ என்னும் இறந்தோர் உலகை அவர் அறிந்திருந்தனர். எனவே புகழ்ச்சி என்பது அவர் கையிலிருந்த ஒரே செல்வம். உயிரோடிருக்கும் வரையிலேதான் அது செல்லும். அதனைக் காட்டிப் பேரம் பேசுகின்றனர். தெகில்லிம் என்னும் பெயர்க்கு இங்கே ஒரு புதுப் பொருள் கிட்டுகின்றது.

மொழிபெயர்ப்பிலும் பத்தி தன் வேலையைச் செய்துள்ளது. 69ஆம் சங்கீதத்தில் வெள்ளம் ‘நெபெஷ்’ அளவு ஏறிற்று என வருகின்றது. அச்சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிர் எனப் பல பொருள் உண்டு. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ஆத்துமம் ஆக்கிற்று. நீரில் அமிழ்கின்றவனுக்கு ஆத்துமத்தைப் பற்றிய கவலை பின்னர், கழுத்தே முதற்கவலை. இராபர்ட் ஆல்ட்டர் 2007இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில் ஆன்மா என்னும் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தார்.

இதுகாறும் பணியா வாசகன் வென்றான் எனலாம். 137ஆம் சங்கீதம் அவனையே கூண்டில் ஏற்றுகின்றது. கி. மு. 586 அளவில் எருசலேம் அழிந்தது. மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றனர். ஆற்றங்கரையில் யாழ்களை மரத்தில் மாட்டிவிட்டு அமர்ந்த அவலம் எல்லோரும் அறிந்ததே. பகைவரின் குழந்தைகளைப் பாறையில் மோதுவோனை வாழ்த்தி அப்பாட்டு முடிகின்றது என்பதைப் பலர் அறியார். நூலின் முதற் சங்கீதம் நல்லோனை வாழ்த்த எடுத்தாண்ட அதே வாழ்த்துச் சொல்லே இங்கும் ஆளப்பட்டுள்ளது. 1971இல் கத்தோலிக்கத் திருச்சபை வெளியிட்ட திருப்புகழ்மாலை, 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுதும் நீக்கிற்று. 137இன் இறுதி மூன்று வசனங்களையும் விட்டது. இறைவேண்டலாகச் சொல்வோர் நாவு கூசுதல் இயல்பே. அவரைக் குறை கூறேன். ஆயினும் வெட்டியபின் எஞ்சுவது ஊர் நினைவால் உருகும் இனிய பாட்டு. மூலமோ தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவனின் வாய். அவ்வாழ்த்தை அறமென்று நான் ஒப்பேன். அது பாட்டின் பகுதியன்று என்றும் ஒப்பேன்.

இன்னும் ஒன்று. அப்பாட்டில் சீயோன் பாடல்களைக் கேட்பவர் யார்? சிறைபிடித்த பாபிலோனியர். வழிபட அவர் கேட்கவில்லை, களிக்கக் கேட்டனர். நம்பிக்கை வேண்டா, பாட்டு மட்டும் போதும் என்று முதலிற் கேட்டவர் அவரே. இலக்கியச் சுவைக்காகச் சங்கீதங்களைத் திறக்கும் நானும் அவ்வரிசையிலேயே நிற்கின்றேன். அவர் கேட்ட பாட்டைப் புலவன் பாட மறுத்தான். மறுத்ததையே பாட்டாக்கி, அவர் பிள்ளைகளின் மேல் முடித்தான்.