16ஆவது விநாடியில் வரும் பதில்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964இல் தொடங்கிய புதிர்ப்போட்டி ‘ஜெப்பர்டி!’. அதில் பங்கேற்க ஆசைப்படுவோர் முதலில் இணையத் தேர்வு எழுத வேண்டும். 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. பன்னிரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மதிப்பெண்ணைக்கூடச் சொல்லமாட்டார்கள்!

வானொலியில் நேயர்களிடம் புதிர் கேட்பது என் வேலை. “தெரியும்ங்க, வாயில வரமாட்டேங்குது” என்று தவிக்கும் குரல்களை அடிக்கடி கேட்கிறேன். அந்தத் தேர்வு சோதிப்பதும் இதைத்தான். எவ்வளவு படித்திருந்தாலும், 16ஆவது விநாடியில் வரும் பதிலுக்கு மதிப்பில்லை.

இந்த வார இறுதியில் வீட்டிலேயே முயன்று பாருங்களேன். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்; அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பதில் எழுதட்டும். கைப்பேசிகளை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள். கூகுள் துணையின்றி நமக்குச் சொந்தமாக எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.