தெய்வம் சமைக்கும் விளையாட்டும் தேயிலைமலைச் சாமிகளும்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதை சொல்வார். ஏனையோர் அக்கதையின் மாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, தாம் செய்வது இன்னது என வாயாற் கூறி, இருபது முகங்கொண்ட காயை உருட்டி வெற்றி தோல்வி காண்பர். இத்தகைய விளையாட்டொன்று எம் மாணவர் சிலரிடையேயும் புகுந்துள்ளது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முதனூல் எனலாம். வழிநூல்களோ மிகப் பல.

கதை சொல்பவர் முதற்கண் ஒரு நாட்டைக் கற்பித்துக்கொள்ளல் வேண்டும். மலையும் ஆறும் அரசனும் கள்வரும் எளிதில் அமைந்துவிடுவர். சமயமும் திருவிழாவும் அமைக்குமிடத்திலேதான் இளைஞர் இடர்ப்படுகின்றனர். அவர்தம் ஏடுகளை வாங்கிப் பார்த்தேன். நெருப்புக்கு ஒரு தெய்வம், நீருக்கு ஒரு தெய்வம், போருக்கும் சாவுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு படைக்கலம், ஆண்டுக்கொரு விழா. படித்து முடித்தபோது பலசரக்குக் கடையின் இருப்புக் கணக்கைப் பார்த்த உணர்ச்சியே உண்டாயிற்று. எந்தத் தெய்வத்துக்கும் வேலை இல்லை. எந்த விழாவுக்கும் காரணம் இல்லை.

தமிழ் மாணவர் இக்குறையோடு நிற்றல் வியப்பிற்குரியது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்தில் விளைவனவற்றைக் கருப்பொருள் எனக் கண்டவர் நம் முன்னோர். தொல்காப்பியர் அக்கருப்பொருளை எண்ணத் தொடங்குமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்து, உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றை அதனோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். பின்வந்த நாற்கவிராச நம்பி அதனை 14 ஆக விரித்தார். தெய்வம் வானிலே தனித்து நிற்பதன்று; அவ்வூரார் உண்ணும் சோற்றோடும் அடிக்கும் பறையோடும் ஓரினமாக எண்ணப்படுவது. ஆகவே 'மழைக்கடவுள் யார்?' என்று தொடங்குவதினும் 'இவ்வூரார் என்ன தொழில் செய்கின்றனர்? அத்தொழிலில் எதற்கு அஞ்சுகின்றனர்?' என்று தொடங்குவதே முறை. பாலைக்குத் தொல்காப்பியர் தெய்வம் கூறாது விட்டதும், பின்வந்தோர் கொற்றவையை அங்கே குடியேற்றியதும் தனித்து ஆராயத்தக்கவை, அது நிற்க.

இதற்குச் சான்று தேடி ஏட்டுச்சுவடிகளுக்குள் புகவேண்டியதில்லை. நம் மலைகளே போதும். கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னர் அதன்பொருட்டாகவும், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் இங்கு வந்தனர். மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் அவர்களோடு வந்தார்கள். ஆயினும் ஊரிலிருந்து வந்த தெய்வங்களுக்கு இங்கே புதிய வேலைகள் காத்திருந்தன. வயற்காவலுக்குப் பழகிய முனிக்குத் தேயிலைத் தொழிற்சாலை புதிது. உருளைகளும் வார்ப்பட்டிகளும் இடையறாது சுழலுமிடத்தில் சிறிது கண்ணயர்ந்தால் கை போகும், உயிரும் போகும். அங்கே எழுந்தவரே ரோதை முனி. 'ரோதை' என்பது சில்லு. சிங்களத்து 'ரோதய' என்னும் சொல்லோடு உறவுடையது. பழைய முனியின் பெயருக்கு முன்னே, அயல்மொழியோடு உறவாடிய ஒரு சொல்லைச் சூட்டி, ஆலைக்குக் காவலாக நிறுத்திவிட்டனர். இத்தொடரில் ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கியிருக்கின்றது.

கவ்வாத்துச் சாமியும் அவ்வாறே. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியளவாக வெட்டிவிடுவது கவ்வாத்து. கூரிய கத்தி, சரிவான நிலம், மழைவழுக்கல். செடியோ தழைக்கவும் கூடும், பட்டுப்போகவும் கூடும். ஆகவே வெட்டத் தொடங்குமுன் மலையிலேயே ஒரு பூசை. கோபுரம் இல்லை, பஞ்சாங்கத்தில் நாளும் இல்லை. தொழில் தொடங்கும் நாளே திருநாள்.

தெய்வத்தைப் புனைவது அபசாரம் அன்றோ என்று மாணவர் ஒருவரின் தந்தையார் என்னை வினவினார். விளையாட்டுத் தெய்வத்துக்கு ஒருவரும் கர்ப்பூரம் கொளுத்துவதில்லை. ஆதலின் அபசாரத்துக்கு இடமில்லை என்றேன். ரோதை முனியைத் தோட்டத்தார் புனைந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அச்சத்தினிடையே கண்டார் என்பேன். இவ்வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று. தாம் புனைவது எது, பாட்டன் பாட்டியர் உயிரோடு கலந்து வணங்கியது எது என்று அறியாதவர் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவிடுவர். சிறு கோயில்கள் ஆகம முறையில் எடுப்பித்துக் கட்டப்படுங்கால் இத்தகைய சாமிகள் பெயர் மாறுகின்றன. அன்றி ஒரு மூலைக்கு ஒதுங்குகின்றன. கவ்வாத்துச் சாமிக்கு என்ன படைத்தனர் என்று கேட்டால் மறுமொழி சொல்ல முதியோர் சிலரே உளர். அயல்நாட்டு நூலிலுள்ள நெருப்புப் பாம்பின் பெயர் நுனிநாவில் நிற்கும் மாணவர்க்குத் தம் தோட்டத்துச் சாமியின் பெயர் தெரியாதிருப்பதே எனக்கு வருத்தம்.

இனி, விழாவின் இலக்கணம். மணிமேகலையின் விழாவறை காதையைப் போல இதனைக் கற்பிக்கும் நூல் பிறிதில்லை. இந்திர விழா 28 நாள் நிகழும் என்பதோடு சாத்தனார் அமையவில்லை. வச்சிரக் கோட்டத்து முரசை யானைப் பிடரில் ஏற்றி அறிவிக்கின்றவர் யார், வீதியில் எந்த மணலை நீக்கி எதனைப் பரப்ப வேண்டும், வாயிலில் எவ்வெவற்றை நாட்ட வேண்டும், சமயவாதிகள் எங்கே ஏறி வாதிட வேண்டும் என்பனவெல்லாம் சொல்லப்படுகின்றன. அவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். தீயோரைத் தண்டிக்கும் சதுக்கப் பூதமோ ஊரை விட்டு அகலும். பின்னர் மகனை இழந்த துயரில் மன்னன் விழாவை மறந்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம். செய்யாவிட்டாலும் ஒன்றும் நேராத விழா எவர் மனத்திலும் நில்லாது.

காமன் கூத்து மற்றொரு பாடம். மாசி மாதத்து வளர்பிறையிலே காமன் பொட்டலில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, மதனுக்கும் இரதிக்கும் மணம் முடித்து, ஈற்றில் சிவனார் நெற்றிக்கண்ணால் மதனை எரிப்பர். இரதியாக வேடம் தாங்கி அழுபவர் ஆடவர். பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர். தோட்டமே கூத்தாகின்றது, காண்பார் வேறு, ஆடுவார் வேறு என்பதில்லை. தமிழகத்திலோ மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என ஒரு கட்சியும் எதிரெதிரே நின்று லாவணி பாடும் மரபும் உண்டு. வழிபாட்டுக்குள்ளேயே வழக்காடலுக்கும் இடம் வைத்த அறிவை என்னென்பது! எல்லாரும் ஒருமிக்க நம்புகின்ற சமயம் புத்தகத்தில்தான் இருக்கும்.

மேனாட்டிலும் இதனை உணர்ந்தார் உளர். கிரெக் ஸ்டாபோர்ட் என்பார் படைத்த குளோராந்தா என்னும் உலகு 1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் விளையாட்டின் களமாயிற்று. அங்கே ஒரு தெய்வத்தின் அடியாராகச் சேர்பவர்க்குக் கடமையும் விலக்கும் திருநாளும் வகுக்கப்பட்டுள்ளன.

மாணவரிடம் ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தபோது சில வினாக்களை எழுதிக் கொடுத்தேன். சேவலை யார் கொணர்வார்? முதற்பங்கு எவர்க்கு? எவர் வரலாகாது? அன்று மழை பெய்தால் என் செய்வர்? ஒருவன் மட்டும் தன் பட்டியல் முழுவதையும் அடித்துவிட்டு, ஓர் ஆற்றங்கரை ஊரையும் ஓடக்காரரையும் அவர்தம் கயிற்றுச் சாமியையும் எழுதிவந்தான். பழைய ஓடக்கயிற்றை அறுத்து எரிக்கும் நாளே அவ்வூரின் திருநாள்; வீட்டுக்கொரு பிடி அரிசி கொடுத்துப் பொங்கலிட வேண்டும். அடுத்த ஆட்டத்திலே நடு ஆற்றில் கயிறு அறுந்ததாம். அரிசி கொடாத வீடு எது என்ற வழக்கு மூன்று வாரமாகியும் அவர்களிடையே தீரவில்லை.