தோள்பைக்குள் ஒரு மருந்துப்பை

மலைப்பாதையில் நடப்பவருக்கு முதல் ஒரு மணிநேரம் தோள்பையின் சுமை தெரிவதில்லை. அதன்பின் ஒவ்வொரு பொருளும் தன் எடையை உணர்த்தத் தொடங்கும். வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே சுமந்து செல்வோரும் உண்டு. சுமையென்று கருதி அனைத்தையும் விட்டுச் செல்வோரும் உண்டு. இரண்டும் பிழையே. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதைகளில் மருத்துவமனை பல மணிநேர நடைத்தொலைவில் இருக்கக்கூடும். ஆகவே, வழியில் எது நேரக்கூடும், அதற்கு எது உதவும் என்று எண்ணியே பையை நிரப்புதல் வேண்டும்.

மலையேறுவோரைப் பெரிதும் வருத்துவது காலில் எழும் கொப்புளம். காலணியின் உராய்வும் வியர்வையின் ஈரமும் தோலின் அடுக்குகளைப் பிரிக்கின்றன. அவ்விடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் எழுமுன் அவ்விடத்தில் எரிச்சல் தோன்றும். அப்போதே நின்று, காலைத் துடைத்து, துணி ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் பயணம் தடைப்படாது. உடன் வருவோர் காத்திருப்பார்களே என்று கூச்சப்பட்டு நடப்பவரே மாலையில் நொண்டுகிறார். நாடாவை முழுச் சுருளாகச் சுமக்க வேண்டியதில்லை. தேவையான அளவைப் பென்சில் துண்டொன்றில் சுற்றிக்கொள்ளலாம்.

மழைக்காலச் சோலைக்காடுகளில் அட்டைகள் மிகுதி. அட்டை கடித்த இடத்தில் குருதி நெடுநேரம் கசிவதைக் கண்டு பலர் அஞ்சுவர். அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் குருதி உறைவதைத் தடுப்பதே இதற்குக் காரணம். உப்பிட்டோ தீயால் சுட்டோ அகற்றினால், அட்டை தன் குடலில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் மெல்லச் செலுத்தி நெம்பி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, தூய கட்டுத்துணியால் அழுத்திக் கட்டுவதே நன்று.

எடை குறைந்து பயன் மிகுந்தது உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி. ஒரு லிட்டர் நீருக்குரிய பொடியின் எடை 20.5 கிராமே. 1971ஆம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சிரைவழிச் செலுத்தும் நீர்மம் போதாமல், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுத்தே பல உயிர்களைக் காத்தார். சிறுகுடலில் குளுக்கோசு உப்பைத் தன்னுடன் ஈர்த்துச் செல்ல, நீரும் அதனைப் பின்தொடர்கிறது. பொடியைக் குறைந்த நீரில் கரைத்தல் தீங்காகும். கரைக்கும் நீர் காய்ச்சி ஆறியதாக இருத்தல் நலம்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் அழுக்குக் கைகளின் வழியே வருவது. மண் படிந்த கையில் கிருமிநாசினி சரிவரச் செயற்படாது. அரைச் சோப்புத் துண்டு மேலானது. மலம் கழிக்க ஓடையிலிருந்து அறுபது மீட்டர் விலகி, ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்ட ஒரு சிறு கரண்டி வேண்டும். பயன்படுத்திய மாதவிடாய்ப் பஞ்சுகளைக் காட்டில் எறியாமல் கீழே கொண்டுவர மூடியுள்ள பையொன்றும் வேண்டும்.

பாம்புக்கடிக்கு இப்பையில் மருந்தில்லை. இறுகக் கட்டவும் கீறவும் முயலாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் சுமந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்குதான் உண்டு. ஆதலின், 108 என்னும் எண்ணுடன், ஒவ்வாத மருந்துகளின் பெயரையும் வழக்கமாக உண்ணும் மருந்துகளையும் எழுதிய அட்டையொன்றை அவரவர் பையின் மேலறையில் வைத்துக்கொள்வர்.