உள்ளத்தின் சுமையும் உடலின் காவலும்

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் என்பதைத் தமிழர் பன்னெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அஞ்சியவரின் உடலில் வெளியே தோன்றுவதை இலக்கியம் கண்டது. உள்ளே நிகழ்வதை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் கண்டது.

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவைச் சென்னை மக்கள் மறக்கமாட்டார்கள். பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர, அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. வாசலில் வெள்ளத்தைக் கண்ட ஒருவரின் உடலில் என்ன நிகழும்?

மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதலாமஸ் இரு வழிகளில் ஆணை அனுப்புகிறது. முதலாவது நரம்பு வழி. நொடிப்பொழுதில் செய்தி, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகளை அடைகிறது; அட்ரினலின் பாய்ந்து இதயம் விரைகிறது. இரண்டாவது சுரப்பு வழி. பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலால் அட்ரீனலின் புறப்பகுதி சில நிமிடங்களில் கார்ட்டிசாலைச் சுரந்து, குருதியில் சர்க்கரையைக் கூட்டுகிறது. முதியவரைத் தோளில் சுமந்து மாடியேறும் வலிமை இவ்வாறே கிடைக்கிறது.

இவ்விரண்டும் உடலின் காவற்படையாகிய நோய் எதிர்ப்பாற்றலையும் தொடுகின்றன. மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நரம்பிழைகள் செல்கின்றன. வெள்ளணுக்கள் கார்ட்டிசாலின் செய்தியை ஏற்கின்றன. கார்ட்டிசால் அப்படையின் வேகத்தை அடக்கும். அதனாலன்றோ, உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் எதிர்ப்பாற்றலைத் தணிக்க அவ்வகை மருந்துகளை மருத்துவர் தருகின்றனர்! மறுபுறம், கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சலின்போது சோர்வும் பசியின்மையும் தோன்றுவது அதனாலேயே.

மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே 1936இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுறவுக்கு ஒரு சான்று. பலவகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகளில் அட்ரீனல் பருத்தது; எதிர்ப்பாற்றல் உறுப்பாகிய தைமஸ் சுருங்கியது; வயிற்றில் புண் கண்டது.

மாணவர்க்கு நெருக்கமான சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பல் மருத்துவ மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில் சிறு காயம் உண்டாக்கி ஆறும் காலத்தைக் கணக்கிட்டனர். கோடை விடுமுறையைவிடத் தேர்வுக் காலத்தில் காயம் ஆற 40 விழுக்காடு கூடுதல் காலமாயிற்று.

ஆகவே நெருக்கடி எல்லாமே தீதன்று. அளவோடு வந்து விலகினால் அது காக்கிறது. விலகாமல் நின்றால் காவலையே தளர்த்துகிறது. வெள்ளம் சில நாளில் வடிந்தது. ஆனால் நனைந்த சான்றிதழையும் அடைக்க வேண்டிய கடனையும் எண்ணி உறங்காதவரின் உடலில் அபாய மணி ஓயவில்லை. தேர்வு, வேலையின்மை, வீட்டுப் பூசல் ஆகியவையும் வடியாத வெள்ளங்களே. நோய்கள் யாவும் மனத்தால் வருவன என்று நாம் கூறவில்லை. கிருமிக்கு மருத்துவமே தேவை. ஆயினும் தேர்வு நாளில் தலைவலி, காய்ச்சல் என்னும் பிள்ளையை நடிப்பு என்று கடிவது அறியாமையாகும்.

மணியை ஓயச் செய்வன யாவை? போதிய உறக்கம், நடை, மனமொன்றிய ஐவேளைத் தொழுகை தரும் அமைதி, எல்லாவற்றிற்கும் மேலாகச் செவிசாய்க்கும் ஒருவர். மனமுடைந்தோர் பேசுவதற்கென்றே 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா', மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் தொண்டாற்றி வருகிறது. வெள்ளத்தின்போது சமய வேறுபாடின்றி அடைக்கலம் தந்த பள்ளிவாசல்களையும் நாம் கண்டோம். அன்று திறந்த கதவுகளைப் போல, பெற்றோரின் செவியும் ஆசிரியரின் செவியும் என்றும் திறந்திருக்கட்டும். பிள்ளைகளின் உள்ளச் சுமையை இறக்குவது அவர்தம் உடல்நலத்தைக் காப்பதுமாகும்.