கணினிக்கும் வேண்டும் ஒரே கடிகாரம்

1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு நம் தீபகற்பத்தில் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி 12 ஆக்கினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கவே இந்த ஏற்பாடு. அன்றிரவு 11.45 என்ற நேரமே இங்கு இல்லை! இருட்டோடு பெரட்டுக்கு நிற்கும் மலாக்காத் தோட்டத்து மக்களுக்குக் கடிகாரப்படி விடியல் அரை மணி தள்ளிப் போயிற்று. ஜாதகம் கணிப்பவர்கள் இதை மறப்பதில்லை. 1970இல் இங்கு பிறந்தவருக்குக் கிரீன்விச் நேரத்திலிருந்து ஏழரை மணி வித்தியாசம், 1990இல் பிறந்தவருக்கு எட்டு மணி.

கணினியில் இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும்? ஜாசினில் ஒரு கோயில் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக் கோப்பு கோயில் கணினியில் ஒன்று. மலாக்கா நகரில் பொருளாளர் வீட்டில் ஒரு நகல். இணையம் வழி இரண்டையும் ஒரு மென்பொருள் சமப்படுத்துகிறது. பல மென்பொருள்கள் கோப்பைப் படித்துப் பார்ப்பதில்லை. கடைசியாக மாற்றிய நேரம் எதில் பிந்தியதோ அதுவே புதியது என்று எடுத்துக்கொள்ளும்.

கோயில் கணினியின் கடிகாரம் பத்து நிமிடம் வேகம். காலை 9.00க்குச் செயலாளர் 500 வெள்ளி நன்கொடையை 5,000 என்று தவறாகப் பதிகிறார். கோப்பில் விழும் நேரம் 9.10. நகல் வீட்டுக்கு வருகிறது. 9.05க்குப் பொருளாளர் தவற்றைத் திருத்துகிறார். அவருடைய கடிகாரம் சரியானது, விழுவது 9.05. அடுத்த முறை ஒப்பிடும்போது 9.10 ஜெயிக்கும், திருத்தம் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாட்டிக்கொள்பவர் பொருளாளர்தான்.

பென் டிரைவும் குழப்பும். பழைய ஃபேட் முறையில் திருத்திய நேரம் உள்ளூர் மணிப்படி, இரண்டு விநாடிக் கணக்கில்தான் பதியும். லினக்ஸும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையும் உலகப் பொது நேரத்தில் பதிந்து, காட்டும்போது எட்டு மணியைக் கூட்டுகின்றன. அதனால் மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றலாம்.

முதலில், எல்லாக் கணினிகளிலும் நேரம் இணையம் வழி தானாகச் சரியாகும்படி அமையுங்கள். நம் நாட்டின் நேரத்தைப் பேணுவது சிரிமின் கீழுள்ள தேசிய அளவியல் கழகம். ஆனால் அதுவும் போதாது என்பதே என் கருத்து. கடிகாரத்தை நம்பாமல் வரிசை எண்ணாலேயே நிகழ்வுகளை முன்பின்னாக அடுக்கலாம் என்று 1978இல் அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் காட்டினார். கோயில் ரசீதுப் புத்தகத்திலும் நாம் எண்ணைத்தானே பார்க்கிறோம்? ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண் போடும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் திருத்தியிருந்தால் நல்ல மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொண்டு உங்களைக் கேட்கும். அப்படி இரண்டாவது கோப்பு ஒன்று தோன்றினால் உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டையும் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.